எண்ணிப் பார்த்த இல்லையும் எண்ணாத இல்லையும்

ஓர் அரசு விண்ணப்பப் படிவத்தில் 'பிற வருமானம்' என்று ஒரு கட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அதில் 0 என்று எழுதுகிறார். இன்னொருவர் 'நில்' என்று எழுதுகிறார். மூன்றாமவர் 'என்.ஏ.' என்று போடுகிறார். நான்காமவர் ஒரு சிறு கோடு இழுக்கிறார். ஐந்தாமவர் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறார். ஐந்து பேரிடமும் கேட்டால் "இல்லைன்னுதான் போட்டிருக்கேன்" என்ற ஒரே பதில் வரும். படிவத்தைச் சரிபார்க்கும் எழுத்தருக்கோ அவை ஐந்தும் ஒன்றல்ல. 0 என்பது கூட்டிக் கழித்துப் பார்த்து வந்த தொகை. 'நில்' என்பது இந்தத் தலைப்பில் தெரிவிக்க எதுவுமில்லை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லும் அறிவிப்பு. 'என்.ஏ.' என்பது இந்தக் கேள்வியே எனக்குப் பொருந்தாது என்ற மறுப்பு. கோடு, பின்னால் வேறு யாரும் அங்கே எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்கான காவல். காலிக் கட்டத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அவர் மறந்தாரா, மறைத்தாரா, உண்மையிலேயே வருமானம் இல்லையா என்பதை ஊகிக்க மட்டுமே முடியும்.

ஆங்கிலத்தில் இல்லாமையைச் சொல்ல ஒரு பெரும் சொற்கூட்டமே இருக்கிறது. ஜீரோ, நில், நாட், நல், நன், நத்திங், வாய்ட், சைஃபர் என்று அடுக்கலாம். விளையாட்டுத் திடலுக்குப் போனால் 'லவ்', 'டக்' ஆகியவையும் சேரும். நம் வகுப்பறைகளில் இவற்றையெல்லாம் ஒரு பொருள் தரும் பல சொற்கள் என்ற பட்டியலில் போட்டு, எதிரே 'பூஜ்யம், ஒன்றுமில்லை' என்று எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பட்டியல் மாணவருக்குத் தீங்கு செய்கிறது என்பது என் வாதம். இந்தச் சொற்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடுகள் இரு வகைப்பட்டவை. ஒரு வகை வெறும் வழக்கம். ஊருக்கு ஊர், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். மனப்பாடம் செய்தால் போதும். மற்ற வகை பொருளிலேயே வேறுபாடு. அதன் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: எண்ணிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறோமா, எண்ணாமலே இல்லை என்கிறோமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் சொற்கள் தாமாகவே தத்தம் இடத்தில் போய் நிற்கும். விட்டுவிட்டால் பிழை மொழியோடு நிற்காது; கணக்கிலும் சட்டத்திலும் செய்தியிலும் புகுந்துவிடும்.

கிரிக்கெட் பார்க்கும் எவருக்கும் இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும். 1948 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் டான் பிராட்மன் தன் கடைசி டெஸ்ட் ஆட்டத்துக்காகக் களமிறங்கினார். அப்போது அவர் கையில் 6,996 ரன்கள் இருந்தன, ஆட்டமிழந்தது 69 முறை, சராசரி 101.39. எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் ஸ்டம்ப் பறந்தது. ஸ்கோர் அட்டையில் 0 ஏறியது. ரன் ஒன்றும் கூடவில்லை. ஆட்டமிழந்த எண்ணிக்கை மட்டும் 70 ஆனது. சராசரி 99.94 என்று நின்றது. அதே இன்னிங்ஸில் அவர் மட்டை பிடிக்கவே வராமல் இருந்திருந்தால் அவர் பெயருக்கு எதிரே 'பேட் செய்யவில்லை' என்று எழுதியிருப்பார்கள்; சராசரி 101.39 என்றே வரலாற்றில் நின்றிருக்கும். இரண்டு நிலையிலும் அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்த ரன் எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்று நூறைத் தாண்டிய சராசரி, மற்றது நூறுக்குச் சற்றே குறைந்த சராசரி. 0 என்பது நடந்து முடிந்த ஒரு முயற்சியின் விளைவு. அது கணக்கில் ஏறும், வகுக்கும், சராசரியைக் கீழே இழுக்கும். 'பேட் செய்யவில்லை' என்பது கணக்குக்கு வெளியே நிற்கும். ஸ்கோர் எழுதுபவர் இவ்விரண்டையும் ஒருநாளும் குழப்புவதில்லை.

கணினித் துறையில் 'நல்' என்ற சொல் செய்யும் வேலை இதுவேதான். தரவுத்தளத்தில் ஒரு கட்டத்தில் 'நல்' என்று இருந்தால் அங்கே மதிப்பு சுழியம் என்று பொருளில்லை. மதிப்பே பதிவாகவில்லை என்று பொருள். ஐந்து மாணவர்களில் நால்வரின் மதிப்பெண்கள் 80, 60, 70, 0 என்று இருக்க, ஐந்தாவது மாணவர் தேர்வுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வராதவருக்கும் 0 போட்டால் வகுப்புச் சராசரி 42. அவருடைய கட்டத்தை 'நல்' ஆக விட்டால் தரவுத்தளம் நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொண்டு 52.5 என்று சொல்லும். பத்து மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம். தேர்வெழுதி 0 வாங்கியவருக்குப் பாடம் புரியவில்லை. வராதவருக்குக் காய்ச்சலாக இருக்கலாம், கட்டணம் கட்ட முடியாத வறுமையாக இருக்கலாம். முன்னவருக்குத் தேவை ஆசிரியரின் கூடுதல் நேரம். பின்னவருக்குத் தேவை வீட்டுக்குப் போய் விசாரிக்கும் ஒருவர். இரண்டு பேரையும் ஒரே 0க்குள் அடைத்தால் இரண்டு உதவிகளும் தவறிப்போகும். மழைமானி காட்டிய 0 மில்லிமீட்டருக்கும் மானி பழுதாகிக் கிடந்த நாளின் வெற்றுக் கட்டத்துக்கும் இதே வேறுபாடுதான். பழுதான நாளுக்கும் 0 போட்டு எழுதிய பதிவேடு, மழை பெய்த ஊரை வறண்ட ஊராகக் காட்டும்.

'நல்' என்பதை அதற்குரிய இடத்தில் வைக்காததால் வந்த தொல்லைகள் கணினி வரலாற்றில் நிறைய. பிரிட்டனைச் சேர்ந்த கணினி அறிஞர் டோனி ஹோர், 1965ல் தான் ஒரு நிரலாக்க மொழியில் 'நல்' சுட்டியைப் புகுத்தியதை, 2009ல் ஓர் உரையில் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த வசதியை அஜாக்கிரதையாகக் கையாண்ட நிரல்களில் அதன்பிறகு நேர்ந்த பிழைகளின் விலை அது என்பது அவருடைய மதிப்பீடு. கலிபோர்னியாவில் ஒருவர் தன் காருக்கு 'நல்' என்ற ஆங்கிலச் சொல்லையே பதிவெண்ணாக வாங்கினார். வண்டி எண் தெரியாத அபராதச் சீட்டுகளில் எண்ணுக்கான கட்டம் நிரப்பப்படாமல் இருக்க, அவற்றை முறைமை இவருடைய வண்டியோடு இணைத்துவிட்டது. யார் யாரோ செய்த விதிமீறல்களுக்காக 12,000 டாலருக்கு மேல் அபராதம் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. 'தெரியவில்லை' என்பதை ஒரு மதிப்பாக, ஒரு பெயராக எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

செய்தித்தாள் படிப்பவர்களுக்கு நேரடியாகப் படும் இடம் ஒன்று உண்டு. புள்ளியியலில் 'நல் ஹைபாதிசிஸ்' என்று ஒன்று இருக்கிறது. ரொனால்ட் ஃபிஷர் 1935ல் வெளியிட்ட பரிசோதனை வடிவமைப்பு பற்றிய நூல் வழியாகப் பரவிய சொல் அது. ஒரு மருந்துக்குப் பலன் இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டு, கிடைத்த தரவு அந்த எண்ணத்தைத் தள்ளுபடி செய்கிறதா என்று பார்ப்பது முறை. தள்ளுபடி செய்ய முடியாவிட்டால், பலன் சுழியம் என்று நிரூபணமாகிவிட்டதாகப் பொருள் கொள்ளக் கூடாது என்று ஃபிஷரே அழுத்திச் சொன்னார். பலன் இருக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இந்தச் சோதனையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கலந்துகொண்டவர்கள் குறைவாக இருந்திருக்கலாம், காலம் போதாமல் இருந்திருக்கலாம். இந்த முடிவு நம் மொழிக்கு வரும்போது 'மருந்தால் பலன் இல்லை: ஆய்வில் தகவல்' என்ற தலைப்பாக மாறினால், எண்ணி முடிக்காத ஓர் இல்லையை எண்ணி முடித்த இல்லையாக வாசகருக்கு விற்றுவிட்டோம் என்று அர்த்தம். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் ஒரு நோயாளிக்கு அந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

வரிச் சட்டத்தில் இன்னும் வெளிச்சமான ஒரு சான்று இருக்கிறது. ஜிஎஸ்டியில் 'நில் ரேட்டட்' என்றும் 'ஜீரோ ரேட்டட்' என்றும் இரண்டு வகை உண்டு. தமிழில் இரண்டையும் 'வரி இல்லை' என்று சொல்லிவிடலாம். வாங்குபவர் கட்டும் வரி இரண்டிலும் எதுவுமில்லை. ஆனால் விற்பவரின் பணப்பெட்டியில் இரண்டும் வேறு வேறு. 2017ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆவது பிரிவு ஏற்றுமதியையும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான விற்பனையையும் 'ஜீரோ ரேட்டட்' என்கிறது. திருப்பூரில் பனியன் தைத்து ஏற்றுமதி செய்பவர் நூலுக்கும் சாயத்துக்கும் பெட்டிக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரிக் கடனாக எடுத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாமல் சேர்ந்துவிட்டால் திரும்பக் கேட்டு வாங்கலாம். பாலைப் போல 'நில்' விகிதத்தில் வரும் பொருளை உள்நாட்டில் விற்பவருக்கு அந்த வழி இல்லை. அவர் வாங்கும் உறைக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய வரி அவருடைய செலவாகவே போய்விடும். சட்டம் 'நில்' விகித விற்பனையை விலக்களிக்கப்பட்ட விற்பனையோடு சேர்த்தே வரையறுக்கிறது. விற்பனைச் சங்கிலியின் எல்லாக் கண்ணியையும் கணக்கிட்டு வரியைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. கடைசிக் கண்ணியில் மட்டும் வரி கேட்காமல் விடுவது மற்றொன்று. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்ட சிறு வியாபாரி வரவேண்டிய பணத்தை இழக்கலாம், அல்லது வராத பணத்தைக் கேட்டு நோட்டீஸ் வாங்கலாம். வியாபாரமே நடக்காத மாதத்திலும் 'நில் ரிட்டர்ன்' தாக்கல் செய்தாக வேண்டும் என்பதும் இதே பாடம்தான். இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மௌனம் இல்லை என்று ஆகாது.

சட்டத்தின் 'வாய்ட்' இன்னொரு வகை. அங்கே பொருள் கண்ணெதிரே இருக்கும், பலன்தான் இருக்காது. தமிழில் இதற்குச் செல்லாக்காசு என்று ஓர் அருமையான சொல் உண்டு. காசு கையில் இருக்கிறது, எடை இருக்கிறது, முத்திரை இருக்கிறது. கடைக்காரர் வாங்க மாட்டார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டத்தால் நிறைவேற்ற முடியாத உடன்பாட்டை 'வாய்ட்' என்றும், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தள்ளிவிடக்கூடிய ஒப்பந்தத்தை 'வாய்டபிள்' என்றும் பிரிக்கிறது. மைனர் செய்துகொண்ட உடன்பாடு முதல் வகை என்று மோகரி பீபி வழக்கில் 1903ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அது பிறக்கும்போதே செல்லாதது. மிரட்டி வாங்கிய கையெழுத்து இரண்டாம் வகை. கையெழுத்திட்டவர் எதிர்க்காத வரை அது செல்லும். தேர்தலிலும் இந்தப் பிரிவுகளை அப்படியே பார்க்கலாம். வாக்குச்சாவடிக்கு வராதவர் எதையும் சொல்லவில்லை. தபால் வாக்கில் தவறு செய்தவரின் வாக்கு செல்லாத வாக்கு. 2013ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நோட்டா பொத்தானை அழுத்தியவர், நிற்பவர்கள் அனைவரையும் பார்த்துவிட்டு இவர்களில் எவருமில்லை என்று சொன்னவர். ஆங்கிலத்தின் 'நன்' என்ற சொல் அதைத்தான் சொல்கிறது. முன்னால் ஒரு கூட்டம் இருக்க வேண்டும், அதிலிருந்து ஒருவரும் இல்லை என்று சொல்ல வேண்டும். அதனால்தான் நோட்டா வாக்குகளை எண்ணி அறிவிக்கிறார்கள். வராதவர்களையும் நோட்டா போட்டவர்களையும் ஒரே மூச்சில் 'யாருக்கும் வாக்களிக்காதவர்கள்' என்று எழுதும் விமர்சகர், சாவடி வரை வந்து வரிசையில் நின்றவரின் குரலை அழித்துவிடுகிறார்.

ஜீரோ என்றாலே இல்லாமை என்று எடுத்துக்கொள்வதும் இதேபோன்ற பிழை. 0 டிகிரி செல்சியஸ் என்பது வெப்பமே இல்லாத நிலை அல்ல. நீர் உறையும் இடத்தை அளவுகோலில் தொடக்கப் புள்ளியாக நாம் வைத்துக்கொண்டோம். அளவுகோலில் இறங்கக்கூடிய கடைசிப் படி அதற்கும் 273.15 டிகிரி கீழே இருக்கிறது. 'ஜீரோ பேலன்ஸ்' கணக்கு என்றால் பணம் இல்லாத கணக்கு என்று பொருளில்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத கணக்கு. 'ஜீரோ எஃப்ஐஆர்' என்பதைச் சிலர் மதிப்பில்லாத புகார் என்று நினைத்து, போலீஸார் ஏமாற்றுகிறார்கள் என்று பயப்படக்கூடும். உண்மையில் அது குடிமக்களுக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு. குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் பக்கத்தில் இருக்கும் காவல் நிலையத்தில் புகாரைப் பதிந்துவிடலாம். அந்த நிலையத்தின் வரிசை எண்ணைத் தராமல் 0 என்று குறித்து, உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே 0 என்பது ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கும் இடம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் எல்லை பார்க்காமல் புகாரைப் பெற வேண்டும் என்பதை உறுதிசெய்திருக்கிறது. இந்த 0ஐச் சரியாக விளக்கிச் சொல்லாவிட்டால், புகார் கொடுக்க வந்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்.

இடத்தைப் பிடித்துவைப்பதுதான் ஜீரோவின் பிறவி வேலையும்கூட. 628ல் பிரம்மகுப்தர் சூனியத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் எழுதினார். வெறுமை என்ற பொருளுடைய அந்தச் சொல்லை அரபு அறிஞர்கள் 'சிஃப்ர்' என்று தங்கள் மொழியில் பெயர்த்தார்கள். 1202ல் ஃபிபொனாச்சி எழுதிய கணித நூலில் அது 'செஃபிரும்' ஆனது. இத்தாலியர் வாயில் தேய்ந்து 'ஜீரோ' ஆனது. அதே அரபுச் சொல் பிரெஞ்சு வழியாக வந்து ஆங்கிலத்தில் 'சைஃபர்' ஆனது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள் இவை. மூத்தவரான 'சைஃபர்' ஆங்கிலத்தில் முதலில் சுழியத்தைக் குறித்து, பிறகு எந்த இலக்கத்தையும் குறித்து, அதன்பின் ரகசியக் குறியீட்டைக் குறித்து, முக்கியத்துவமில்லாத ஆளையும் குறிக்கத் தொடங்கியது. சுழியம் என்ற வேலையை ஜீரோவிடம் விட்டுவிட்டது. நம் முந்தைய தலைமுறை ஆங்கிலேயரிடமிருந்து கடன் வாங்கியபோது அந்தப் பழைய பொருளையே வாங்கிக்கொண்டது. 'கணக்குல சைபர்' என்று இன்றும் பேசுகிறோம். இன்று 'சைபர் கிரைம்' என்று எழுதும் சைபருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அது கப்பலின் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 1948ல் நார்பர்ட் வீனர் பெயரிட்ட துறை வழியாக வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே விழுகின்றன. ஒரே எழுத்துக்கூட்டல் இருப்பதால் ஒரே பொருள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கும் இது நல்ல சான்று.

இனி வழக்கத்தால் மட்டும் வேறுபடும் சொற்கள். கால்பந்தில் 2-0 என்பதை பிரிட்டனில் 'டூ நில்' என்பார்கள். அமெரிக்கர்கள் 'டூ நத்திங்', 'டூ ஜிப்' என்பார்கள். டென்னிஸில் 'லவ்' என்பார்கள். அதன் பிறப்பைப் பற்றி முட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றும், பணத்துக்காக அல்லாமல் அன்புக்காக ஆடுவதிலிருந்து வந்தது என்றும் இரு விளக்கங்கள் உலவுகின்றன. கிரிக்கெட்டின் 'டக்' வாத்து முட்டையின் வடிவிலிருந்து வந்தது. நாமும் பரீட்சையில் 'முட்டை வாங்கினான்' என்று அதே வடிவத்தைத்தான் பார்த்துச் சொல்கிறோம். 'நாட்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஒரு பொருளும் இல்லை' என்று பொருள்படும் கூட்டுச்சொல். அதே வேரிலிருந்துதான் ஒன்றுமில்லாதவன் என்ற பொருளில் தொடங்கி, கெட்டவன் என்று மாறி, இன்று குறும்புக்காரக் குழந்தையைக் குறிக்கும் 'நாட்டி' வந்தது. தொலைபேசி எண்ணில் 0ஐ எழுத்தைப் போல 'ஓ' என்று சொல்வதும் வழக்கம்தான். ஆனால் வழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் எழுத்துகள்; கடைசி ஆறு கிளையைக் குறிப்பவை; ஐந்தாவது எப்போதும் 0. அதை 'ஓ' என்று யாராவது சொல்லிக் கேட்டு எழுத்தை அடித்தால் பணம் போகாது. பேச்சில் தீங்கில்லாத பழக்கம் எழுத்தில் தடையாகிவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இச்சொற்களைக் கலந்து பேசுகிறார்கள். இடம் பொருள் பார்த்து எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. நமக்கு மட்டும் ஏன் இத்தனை நுணுக்கம் என்று கேட்கலாம். கலந்து பேசுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எங்கே கலக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கால்பந்து முடிவைச் சொல்லும்போதும் தொலைபேசி எண்ணைச் சொல்லும்போதும் கலக்கிறார்கள். அங்கே கலந்தால் நட்டமில்லை. ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர் 'வாய்ட்' என்ற இடத்தில் 'ஜீரோ' என்று எழுதுவதில்லை. தரவுத்தளம் அமைக்கும் பொறியாளர் 'நல்' என்ற இடத்தில் 0 போடுவதில்லை. போட்டால் அவருடைய வேலை தவறு. மேலும், தாய்மொழிக்காரருக்கு அந்த வேறுபாடு சொல்லித்தராமலே காதில் ஏறியிருக்கும். நம் மாணவருக்கு அகராதிதான் காது. அகராதி எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் தந்தால், இடம் பொருள் பார்த்துப் புரிந்துகொள்ள அவரிடம் கருவியே இருக்காது.

நம் மாணவருக்கு இதில் இருக்கும் தனிச் சிரமத்துக்குக் காரணம் தமிழின் அமைப்பே. தமிழில் மறுப்பு வினையில் உட்கார்ந்திருக்கிறது. 'யாரும் வரவில்லை' என்கிறோம். 'யாரும்' என்பதில் மறுப்பு இல்லை, 'வரவில்லை' என்பதில் இருக்கிறது. ஆங்கிலம் மறுப்பைத் தூக்கிப் பெயரில் வைத்துவிட்டு வினையை உடன்பாடாக விட்டுவிடுகிறது. இதைச் சொல்லித்தராததால்தான் 'நோபடி டிட் நாட் கம்' என்று எழுதுகிறார்கள். அது அறியாமை அல்ல. தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் நாணயமாகப் பின்பற்றியதன் விளைவு. 'ஒன்றுமில்லை' என்பது தமிழில் ஒரு முழு வாக்கியம். 'நத்திங்' என்பது ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல். 1871ல் லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸின் இரண்டாவது கதையில், சாலையில் யாரையும் காணோம் என்று ஆலிஸ் சொன்னதை, 'யாருமில்லை' என்ற பெயருடைய ஒருவரைப் பார்த்துவிட்டாள் என்று ராஜா எடுத்துக்கொள்ளும் வேடிக்கை வரும். அதைத் தமிழில் அப்படியே கொண்டுவர முடியாது. நம் மொழியில் இல்லாமை ஓர் ஆளாக எழுந்து நடக்காது. இரண்டு மொழிகளின் இந்த வேறுபட்ட கட்டமைப்பை ஆறாம் வகுப்பிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டினால், பத்தாண்டுகள் திருத்தும் பிழையை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடலாம்.

இன்னொரு மறுப்பு தமிழ்ப் பற்றிலிருந்து வரும். ஆங்கிலச் சொற்களின் நுட்பத்தைப் பற்றி நமக்கென்ன, நமக்குத் தமிழ்ச் சொல் போதும் என்பார்கள். தமிழ்ச் சொல் போதும் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்; ஒரே தமிழ்ச் சொல் போதும் என்பதைத்தான் ஏற்க முடியாது. இல்லாமையைப் பிரித்துப் பேசுவதில் தமிழ் எந்த மொழிக்கும் இளைத்ததில்லை. இருப்பை மறுக்க 'இல்லை', தன்மையை மறுக்க 'அல்ல' என்று இரண்டு வைத்திருக்கிறோம். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒன்றையே பயன்படுத்துகிறது. சுழி, இன்மை, வெறுமை, பாழ், காலி, வெற்று, செல்லாதது என்று வேலைக்கேற்ற சொற்கள் கைவசம் உள்ளன. எண்களை அடுக்கிச் சொல்லும் பரிபாடல், வரிசையைப் 'பாழ்' என்ற சொல்லில் தொடங்குகிறது. அதே சமயம், பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்ததால் இடம்பிடிக்கும் சுழியம் தேவைப்படவில்லை. கணினிக்கான ஒருங்குறியில் தமிழ்ச் சுழியத்துக்கு 2005ல்தான் இடம் கிடைத்தது. கருத்து வேறு, குறி வேறு என்பதை நம் மொழியின் வரலாறே காட்டுகிறது. கணிதப் பாடநூல் உறுப்பே இல்லாத கணத்தை 'வெற்றுக் கணம்' என்று சொல்லி, 0 என்ற ஓர் உறுப்பு இருக்கும் கணத்திலிருந்து பிரித்துவைத்திருக்கிறது. வெற்றுப் பெட்டி வேறு, உள்ளே 0 என்று எழுதிய சீட்டு கிடக்கும் பெட்டி வேறு. கணித ஆசிரியர்கள் காத்த இந்த ஒழுங்கை மொழியாசிரியர்களும் செய்தியாளர்களும் படிவம் அச்சிடும் அலுவலகங்களும் காக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. எண்ணி வந்த விடைக்குச் சுழியம் அல்லது பூஜ்யம் என்று எழுதுவோம். தெரிவிக்க ஏதுமில்லை என்ற அறிவிப்புக்கு 'ஏதுமில்லை' என்போம். மதிப்பு தெரியாத, பதிவாகாத இடத்தைப் 'பதிவில்லை' என்போம். பலன் இழந்த ஆவணத்தைச் 'செல்லாது' என்போம். ஆய்வில் சான்று கிடைக்காதபோது 'பலன் உறுதியாகவில்லை' என்று தலைப்பிடுவோம். அரசுப் படிவங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இல்லாவிட்டால் என்ன எழுத வேண்டும் என்று ஒரு வரி அச்சிட்டால், விவரம் தெரிந்த ஒருவரைத் தேடி எளிய மக்கள் அலைய வேண்டியிருக்காது. வகுப்பறையில் ஜீரோவையும் நில்லையும் நல்லையும் ஒரே வரியில் எழுதும் ஆசிரியர், பக்கத்தில் ஒரு கேள்வியையும் எழுதிவைக்கட்டும்: எண்ணிப் பார்த்தாயா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த மாணவர் நாளை மழைப் பதிவேட்டில் உட்கார்ந்தாலும், வரி அலுவலகத்தில் உட்கார்ந்தாலும், பத்திரிகையில் தலைப்பு எழுதினாலும், வராதவரை வந்து தோற்றவராக ஒருநாளும் எழுத மாட்டார்.